‘மாதம் 6,000 வெள்ளி வரை’: விற்பனைப் பிரதிநிதியின் சம்பளக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்று, தேசிய சேவையையும் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவன். கைத்தொலைபேசியில் இரண்டு வேலைக் கடிதங்களைத் திறந்து காட்டி, “மாமா, இதுல எதை எடுக்கலாம்?” என்று கேட்டான். இரண்டுமே விற்பனைப் பிரதிநிதி வேலைதான். முதல் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 2,900 சிங்கப்பூர் வெள்ளி என்றும், ஆண்டிறுதியில் நிறுவனத்தின் நிலையைப் பொறுத்து போனஸ் என்றும் இருந்தது. இரண்டாவது கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 1,800 வெள்ளிதான். ஆனால் அதற்குக் கீழே, தடித்த எழுத்தில், மாதம் 6,000 வெள்ளி வரை ஈட்டலாம் என்று ஒரு வரி இருந்தது. அவன் கண் அந்த வரியை விட்டு அகலவே இல்லை.

நான் 26 ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தவன். முதல் 11 ஆண்டுகள் மளிகைப் பொருள் மொத்த வியாபாரத்திலும், பிறகு 15 ஆண்டுகள் தொழிற்சாலைகளுக்குப் பம்பு, வால்வு விற்கும் நிறுவனங்களிலும் வேலை பார்த்தேன். அப்படியிருந்தும் அவன் கேட்ட கேள்விக்கு ஒரே சொல்லில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ‘வரை’ என்பது இரண்டெழுத்துச் சொல்தான். ஆனால் ஒரு விற்பனையாளரின் வீட்டுச் செலவு, மருத்துவச் சேமிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் அந்த இரண்டெழுத்தில்தான் தொங்குகின்றன. எங்கள் வீட்டில் அன்று பிற்பகல் முழுவதும் நடந்த கணக்கு, இதே நிலையில் இருக்கும் பிற இளையர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், விற்கும் பொருளைப் பொறுத்தே வருமானத்தின் தன்மை மாறுகிறது. மளிகை வியாபாரத்தில் இருந்தபோது காலை எட்டரை மணிக்கு பஃபலோ ரோட்டில் தொடங்கி, கேம்பல் லேன், கெர்பாவ் ரோடு என்று கடை கடையாக ஏறி இறங்குவேன். கையில் ஆர்டர் புத்தகம், சட்டைப்பையில் இரண்டு பேனா. பாஸ்மதி அரிசி ஒரு மூட்டைக்கு நிறுவனத்துக்குக் கிடைக்கும் லாபமே சில வெள்ளிகள்தான் என்பதால், எனக்கு வந்த கமிஷன் விற்ற தொகையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் எண்ணெய், பருப்பு, மாவு எல்லாம் லாரி லாரியாகப் போகும்; பொங்கலுக்கு வெல்லமும் பச்சரிசியும் போகும். பிறகு, “அண்ணே, சரக்கு இன்னும் இருக்கு, அடுத்த மாசம் வாங்க” என்ற பதிலைக் கேட்டுக்கொண்டே பல வாரங்களை ஓட்ட வேண்டும். அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டை வைத்து என் வருமானத்தைக் கணக்கிட்டவர்கள் என்னைப் பணக்காரன் என்றே நினைத்திருப்பார்கள்.

தொழிற்சாலைப் பொருள்களின் கதை வேறு. ஜூரோங்கிலோ துவாசிலோ ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறியாளரிடம் முதல் முறை பெயரட்டை கொடுத்ததற்கும் அவர் முதல் ஆர்டர் தந்ததற்கும் இடையே எனக்கு எட்டு மாதங்கள்கூட ஆனதுண்டு. அந்த எட்டு மாதங்களில் கமிஷன் கணக்கில் ஒரு காசு ஏறாது. ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால், உதிரிபாகங்களுக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நம்மிடமே வருவார்கள். ஆகவே இத்தகைய வேலையில் அடிப்படைச் சம்பளம் மிகக் குறைவாக இருந்தால், பலன் வரும் காலத்துக்கு முன்பே கையிருப்பு கரைந்து, பலர் வேலையை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் உழுதுவிட்டுப் போன நிலத்தில் அடுத்து வருபவர் அறுவடை செய்கிறார். சில நிறுவனங்கள் இதை அறிந்தேதான் செய்கின்றனவோ என்ற ஐயம் எனக்கு இன்றுவரை உண்டு.

அடுத்து, கமிஷன் எத்தனை விழுக்காடு என்று எல்லாரும் கேட்கிறார்கள். எதில் அத்தனை விழுக்காடு என்று மிகச் சிலரே கேட்கிறார்கள். இதை என் அக்காள் மகனுக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். நிறுவனத்துக்கு 8,000 வெள்ளிக்கு அடக்கமாகும் ஒரு பம்பை 10,000 வெள்ளிக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். விற்ற தொகையில் 2 விழுக்காடு என்றால் கமிஷன் 200 வெள்ளி. லாபத்தில் 10 விழுக்காடு என்றாலும் அதே 200 வெள்ளிதான். இதுவரை இரண்டும் ஒன்று. இப்போது வாடிக்கையாளர் பேரம் பேசுகிறார். நாம் 5 விழுக்காடு தள்ளுபடி கொடுத்து 9,500 வெள்ளிக்கு விற்கிறோம். முதல் முறையில் கமிஷன் 190 வெள்ளியாகக் குறைகிறது. இரண்டாவது முறையில் லாபம் 1,500 வெள்ளியாகச் சுருங்குவதால் கமிஷன் 150 வெள்ளியாகிவிடுகிறது. வாடிக்கையாளருக்குக் கொடுத்தது 5 விழுக்காடு. நம் பையிலிருந்து போனது 25 விழுக்காடு. இந்த வேறுபாடு தெரியாமல் முதல் ஆண்டு முழுவதும் தாராளமாகத் தள்ளுபடி கொடுத்துவிட்டு, விற்பனை இலக்கை எட்டியும் கையில் ஒன்றும் நிற்கவில்லையே என்று விழித்தவர்களில் நானும் ஒருவன். பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஏமாறுகிறவர்களும் உண்டு. 2024ஆம் ஆண்டு முதல் 9 விழுக்காடாக இருக்கும் அந்த வரி அரசாங்கத்துக்குச் செல்லும் பணம். நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் அதற்குக் கமிஷன் கொடுத்ததில்லை.

எதில் என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். ஆர்டர் கிடைத்தபோதா, சரக்குப் போய்ச் சேர்ந்தபோதா, விலைச்சீட்டு அனுப்பியபோதா, வாடிக்கையாளர் பணம் செலுத்தியபோதா? கடைசி வகைதான் நான் அதிகம் பார்த்தது. முப்பது நாள் தவணை என்று எழுதிவிட்டு எண்பதாவது நாளில் பணம் தரும் வாடிக்கையாளர்கள் ஏராளம். அதனால் விற்பனையாளர் பாதி நாள் விற்கிறார், மீதி நாள் கடன் வசூலிக்கிறார். நாள் கடந்து வந்த பணத்துக்குக் கமிஷனே கிடையாது என்று எழுதும் நிறுவனங்களும் உள்ளன.

இதில் நானே பட்ட அடி ஒன்று உண்டு. நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. நவம்பரில் சரக்கு கொடுத்தேன். ஜனவரியில் முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து விலகினேன். வாடிக்கையாளர் பிப்ரவரியில் பணம் கட்டினார். எனக்கு வர வேண்டியது ஏறத்தாழ 3,400 வெள்ளி. கமிஷன் வழங்கப்படும் நாளில் பணியில் இருப்பவருக்கே அது உரியது என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்ததைக் கணக்குப் பிரிவுப் பெண்மணி, பாவம், மிகுந்த தயக்கத்தோடு எனக்குக் காட்டினார். அதன் கீழே என் கையெழுத்து இருந்தது. சண்டை போட எனக்கு வாயில்லை.

இன்று வேலைக்குச் சேர்பவர்களுக்கு என் காலத்தில் இல்லாத சில பாதுகாப்புகள் உள்ளன. 2016 ஏப்ரல் முதல் முக்கிய வேலை நியமன விதிமுறைகளை எழுத்து வடிவில் கொடுப்பதும், விவரங்களுடன் கூடிய சம்பளச் சீட்டைக் கொடுப்பதும் முதலாளிகளின் சட்டக் கடமை. 2019 ஏப்ரலில் சம்பள வரம்பு நீக்கப்பட்டதிலிருந்து மேலாளர்களும் நிர்வாகிகளும்கூட வேலை நியமனச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டார்கள். சம்பளப் பூசல் என்றால் முதலில் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்புக் கூட்டணியின் சமரசப் பேச்சு, அதில் தீராவிட்டால் 2017இல் தொடங்கப்பட்ட வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரையிலும், தொழிற்சங்கம் சார்ந்த முத்தரப்புச் சமரசத்தின் வழியாகச் சென்றால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம். வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள்ளும், விலகியவர் கடைசி வேலைநாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள்ளும் முறையிட வேண்டும் என்ற கெடுவை மட்டும் மறக்கக்கூடாது. ஆனால் இவையெல்லாம் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பெற்றுத்தருவதற்கான வழிகள். எழுதப்படாததையும், தெளிவில்லாமல் எழுதப்பட்டதையும் வைத்துக்கொண்டு எந்த மன்றத்திலும் வாதாடுவது கடினம்.

இடையே ஒன்று. பெயரட்டையில் ‘சேல்ஸ் எக்சிகியூட்டிவ்’ என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டு, நீங்கள் நிர்வாகி, உங்களுக்கு மிகைநேரப் படி கிடையாது என்று சொல்லும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சட்டம் பெயரட்டையைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைத்தான் பார்க்கிறது. உண்மையில் நிர்வாகப் பொறுப்பு இல்லாமல், மாத அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்கு மேற்படாதவராக இருந்தால், அலுவலக, விற்பனை ஊழியருக்கும் வேலைநேர வரம்பும் மிகைநேரச் சம்பளமும் உண்டு.

கமிஷன் வருமானத்தில் பலர் கவனிக்கத் தவறும் இடம் மசேநி, அதாவது கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதி. கமிஷனும் சம்பளம்தான்; அதற்கும் முதலாளி மசேநி செலுத்த வேண்டும். 55 வயது வரை ஊழியர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு. கமிஷனைச் செலவுத் தொகை என்று பெயர் மாற்றிக் கொடுத்தால் கையில் கூடுதலாகக் கிடைப்பதுபோல் தோன்றும். இழப்பது அந்த 17 விழுக்காட்டை. அதைவிட நுட்பமான விஷயம் ஒன்று இருக்கிறது. மசேநிக்குக் கணக்கில் கொள்ளப்படும் சாதாரணச் சம்பளத்துக்கு மாத உச்சவரம்பு உண்டு. அது படிப்படியாக உயர்ந்து 2026 ஜனவரி முதல் 8,000 வெள்ளி. ஒரு மாத வேலைக்கான கமிஷன் அந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்தே வழங்கப்படும்போது அது இந்த உச்சவரம்புக்குள் வருகிறது. ஒரு விற்பனையாளருக்கு ஒரு மாதம் 14,000 வெள்ளியும் அடுத்த மாதம் 2,000 வெள்ளியும் வந்தால், மசேநி கணக்கில் ஏறுவது 8,000, 2,000 ஆக மொத்தம் 10,000 வெள்ளிக்குத்தான். அதே 16,000 வெள்ளியை மாதத்துக்கு 8,000 என்று சீராகப் பெறுபவருக்கு முழுத் தொகைக்கும் மசேநி உண்டு. முதலாளியின் பங்கில் மட்டுமே 1,020 வெள்ளி வேறுபாடு. காலாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் கமிஷன், கூடுதல் சம்பளம் என்ற வகையில் ஆண்டு உச்சவரம்பின் கீழ்க் கணக்கிடப்படுவதால், அங்கே இந்த இழப்பு அவ்வளவாக இருக்காது. பணத்தை மாதந்தோறும் கையில் வாங்குவதுதான் எப்போதும் நல்லது என்று நானும் நீண்ட காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

வீடு வாங்கும்போது இன்னொரு வெட்டு விழுகிறது. 2013 ஜூனில் சிங்கப்பூர் நாணய ஆணையம் கொண்டுவந்த, வருமானத்தில் எவ்வளவு கடன் தவணைகளுக்குப் போகலாம் என்று வரையறுக்கும் மொத்தக் கடன் சேவை விகித விதிமுறையின்படி, ஏற்ற இறக்கமுள்ள வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் வங்கி கணக்கிட வேண்டும். அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி, சராசரி கமிஷன் 2,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஈட்டுவது 5,000 வெள்ளி; வங்கியின் கண்ணில் அது 4,220 வெள்ளி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மாதத் தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பையும் சேர்த்துப் பார்த்தால், 1,500 வெள்ளித் தவணை கட்டக்கூடியவர் 1,266 வெள்ளிக்கு மேல் போக முடியாது. திருமணம் பேசும் வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது சிறிய விஷயமல்ல. 2,900 வெள்ளி நிலைச் சம்பளக் கடிதத்தை என் அக்காள் மகன் இரண்டாவது முறை எடுத்துப் படித்தது இந்த இடத்தில்தான்.

சொந்தக் காரை வேலைக்குப் பயன்படுத்தச் சொல்லும் நிறுவனங்களிடம் இன்னும் கவனம் தேவை. வேலைக்காகவே ஓட்டினாலும், தனியார் காரின் பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்ற செலவுகளை ஊழியர் வருமான வரியில் கழிக்க முடியாது. 600 வெள்ளி கார் படி என்று கடிதத்தில் பார்த்து மகிழ்ந்தவர், காரின் மாதத் தவணை, நிறுத்துமிடக் கட்டணம், சாலைக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதைக் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது பெரும்பாலும் கழித்தலாகவே இருக்கும்.

கார் விற்பவர்களின் பாடு தனி. அவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும், கார் வாங்க ஏலத்தில் பெற வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழின் எண்ணிக்கை குறைந்தால் ஊரில் விற்கப்படும் கார்களே குறைந்துவிடும்; 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டபோது அந்த விலையை எந்த விற்பனையாளரின் பேச்சாலும் குறைத்திருக்க முடியாது. சில்லறைக் கடைகளில் நிற்பவர்களுக்கு 2022 செப்டம்பர் முதல் படிப்படியாக உயரும் சம்பள முறை நடப்புக்கு வந்திருப்பது ஆறுதல். காப்புறுதி முகவர்களும் சொத்து முகவர்களும் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர்கள். முதலாளியின் மசேநி பங்கு அவர்களுக்குக் கிடையாது, மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புத் தொகையை அவர்களே கட்ட வேண்டும். அவர்களின் கமிஷனையும் இந்தக் கணக்கையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் ‘சேல்ஸ்’ என்றாலே கொட்டும் என்றும், ‘சேல்ஸ்’ என்றாலே பட்டினி என்றும் இரண்டு விதமாகவும் நம் வீடுகளில் பேச்சு நடக்கிறது.

திறமைக்கும் அனுபவத்துக்கும் பங்கில்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக உண்டு. ஆனால் ஒருவருக்கு ஒதுக்கப்படும் வட்டாரத்துக்கும் வாடிக்கையாளர் பட்டியலுக்கும் இருக்கும் பங்கை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். பதினைந்து ஆண்டுப் பழக்கமுள்ள வாடிக்கையாளர்களைக் கொண்ட வட்டாரத்தைப் பெற்றவரும், வெறும் முகவரிப் பட்டியலைப் பெற்றவரும் ஒரே இலக்கை எட்ட வேண்டும் என்று சொல்வது, ஒருவரை ஆற்று நீரோட்டத்திலும் இன்னொருவரை எதிர்நீரோட்டத்திலும் நீந்தச் சொல்வதுதான். நம் இளையர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தமிழ் தெரியும் என்பதற்காகவே இந்தியக் கடைகளின் கணக்கு முழுவதையும் நம் கையில் கொடுப்பார்கள். தொடக்கத்தில் அது பெரிய வசதி. கடைக்காரர் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசுவார், ஆர்டரும் எளிதில் வரும். ஆனால் அந்தச் சந்தை அளவானது. பெரிய தொழிற்சாலைக் கணக்குகள் வேறொருவரிடம் போய்க்கொண்டிருப்பதை ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் உணர்வோம். நான் மளிகையை விட்டு விலகியதற்கு அது முக்கியக் காரணம்.

மனிதவள அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் தொழில்வாரிச் சம்பள அட்டவணையை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அதில் அடிப்படைச் சம்பளம் ஒரு பத்தியிலும், கமிஷன், படிகள் எல்லாம் சேர்ந்த மொத்தச் சம்பளம் இன்னொரு பத்தியிலும் இருக்கும். இடைநிலைத் தொகையோடு கீழ்நிலை, மேல்நிலைத் தொகைகளும் தரப்பட்டிருக்கும். விற்பனைத் தொழில்களில் இரண்டு பத்திகளுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்த்தாலே, வருமானத்தில் எவ்வளவு உறுதியானது, எவ்வளவு அந்தந்த மாதத்தைப் பொறுத்தது என்பது விளங்கிவிடும். அரசாங்கமே இப்படிப் பிரித்துக் காட்டும்போது, ஆள் எடுக்கும் நிறுவனங்களும் தங்கள் விளம்பரங்களில் ‘வரை’ என்ற உச்சத் தொகைக்குப் பதிலாக, கடந்த ஆண்டில் தங்கள் விற்பனையாளர்களில் நடுவில் இருந்தவர் எவ்வளவு பெற்றார் என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கமிஷன் எந்தத் தொகையின் மீது, எப்போது, விலகினால் என்னவாகும் என்ற மூன்றையும் வேலைக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுவது எந்த நேர்மையான முதலாளிக்கும் சுமையாக இருக்காது. தங்கள் நாளிதழில் வரும் வேலை விளம்பரங்களிலும் இதை ஊக்குவிக்கலாம் என்பதைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

என் அக்காள் மகன் அன்றிரவே இரண்டாவது நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் ஐந்து கேள்விகளை அனுப்பினான். நான்கு நாள்களில் பதில் வந்தது. கமிஷன் லாபத்தின் மீதுதான் என்றும், பணம் வசூலான பிறகே வழங்கப்படும் என்றும், 90 நாள்களைத் தாண்டிய வசூலுக்குக் கிடையாது என்றும் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். சென்ற ஆண்டு எத்தனை பேர் 6,000 வெள்ளியைத் தொட்டார்கள், வேலையை விட்டு விலகினால் நிலுவைக் கமிஷன் என்னவாகும் என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் ‘நேரில் பேசலாம்’ என்று பதில். வரும் வியாழக்கிழமை போகிறான். பேசுவதை எல்லாம் எழுத்தில் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு வா, அதுவரை முதல் நிறுவனத்துக்கு மறுப்புச் சொல்லாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விற்பனைப் பிரதிநிதி ஒருவர்,
ஈசூன்.